மதுரைக்கு வந்தவரின் ஊருக்கு

செப்டம்பர், புதன். செவில்

நேற்று இரவு ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தோம். டப்ளினிலிருந்து ஒருத்தி, ரோட்டர்டாமிலிருந்து ஒருத்தி, லியோனிலிருந்து ஒருத்தி, ஸ்டுட்கார்ட்டிலிருந்து நான். கோவையில் ஒரே விடுதியில் படித்தவர்கள். ஆண்டு விடுப்பில் பெரும்பகுதி ஊருக்குப் போய்வரவே சரியாகிவிடும். அதிலிருந்து கிள்ளி எடுத்த நாட்களில் எங்காவது கூடிக்கொள்கிறோம். எங்கே போவது என்பதை வழக்கமாக விமானக் கட்டணம்தான் தீர்மானிக்கும். இந்த முறை நான் சொன்னேன்: டாஞ்சியர். மொராக்கோவின் வடமுனைத் துறைமுகம். அங்கே 1304-இல் பிறந்த ஒருவர் எங்கள் மதுரைக்கு வந்து, காய்ச்சலில் கிடந்து, பிழைத்து எழுந்து போயிருக்கிறார். இப்னு பதூதா. அவருடைய ஊரைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குக் கல்லூரிக் காலத்து ஆசை.

செவில் வழியில் கிடைத்த ஊர். ஹிரால்டா கோபுரத்தில் மட்டும் ஏறினோம். 12ஆம் நூற்றாண்டில் பள்ளிவாசலின் பாங்குக் கோபுரமாக எழுந்தது, இன்று பேராலயத்தின் மணிக்கூண்டு. படிகளுக்குப் பதில் 35 சரிவுகள் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகின்றன. பாங்கு சொல்பவர் குதிரையிலேயே மேலே போகத்தான் அப்படிக் கட்டினார்கள் என்பார்கள். கீழே கொலம்பஸின் பேழையை நான்கு கட்டியக்காரர்களின் சிலைகள் தோளில் தாங்கி நிற்கின்றன. கடலைத் தாண்டியவர்களில் இவருக்கு உலகம் கொடுத்திருக்கும் இடம் மிகப் பெரியது. நான் தேடிப் போகிறவருக்கு அதில் பாதியாவது கிடைத்திருக்க வேண்டும்.

வியாழன். தரிஃபா

பேருந்தில் மூன்று மணி நேரம். ஊர் நெருங்க நெருங்கக் குன்றெல்லாம் காற்றாலைகள், ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது தெரிவதைப் போல. அவை அங்கே நிற்கும் காரணம் துறைமுகத்தில் தெரிந்தது. லெவாந்தே அடிக்கிறது, இன்று கப்பல் இல்லை.

லெவாந்தே கிழக்கே மத்தியதரைக் கடல் மேலாக வரும் காற்று. வடக்கே ஸ்பெயினின் மலைகள், தெற்கே மொராக்கோவின் ரிஃப் மலைகள், நடுவே ஜிப்ரால்டர் நீரிணை. குறுகலான இடத்தில் அதன் அகலம் 14 கிலோமீட்டர்தான். அகன்ற கடலில் பரந்து வந்த காற்று இந்தச் சந்துக்குள் நுழையும்போது நெருக்குண்டு வேகம் பிடிக்கிறது. நாள்கணக்கில் விடாமல் அடிப்பதும் உண்டு. எதிர்ப்பக்கம் அட்லாண்டிக்கிலிருந்து வருவது பொனியெந்தே, ஈரமும் குளிர்ச்சியுமானது. ரோட்டர்டாம்காரி தூத்துக்குடியில் பிறந்தவள். அவளுக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அலையைக் கொஞ்ச நேரம் பார்த்து நின்றாள். "கொண்டல் அடங்குனாத்தான் எடுப்பாவ. வாங்கட்டி, சாப்பிடப் போவோம்" என்றாள்.

விடுதிக்காரம்மா கஸால்யா குன்றுக்குப் போய்ப் பாருங்கள் என்றார். ஊருக்கு வெளியே, நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் மேடு. தரிஃபாவின் மிக்ரேஸ் அறக்கட்டளை பல ஆண்டுகளாக இங்கே வலசைப் பறவைகளைக் கணக்கெடுக்கிறது. தொலைநோக்கியோடு நின்ற தன்னார்வலர்கள் எங்களுக்கும் பார்க்கக் கொடுத்தார்கள்.

தேன் பருந்தும் செங்கால் நாரையும் அகன்ற இறக்கைக்காரப் பறவைகள். சிறகடித்தே நெடுந்தூரம் போனால் களைத்துவிடும். வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் வட்டமடித்து உயரே போய், அங்கிருந்து சறுக்கிச் சறுக்கியே தூரத்தைக் கடக்கும். கடல் மேல் அந்த வெப்பக் காற்று எழுவதில்லை. அதனால்தான் மேற்கு ஐரோப்பாவின் பறவைகள் ஆப்பிரிக்காவுக்குப் போகக் கடல் மிகக் குறுகிய இந்த இடத்தைத் தேடி வருகின்றன. நாரைகள் பெரும்பாலும் ஆகஸ்டிலேயே போய்விட்டன, இப்போது தேன் பருந்துகளின் முறை. பலத்த லெவாந்தேயில் புறப்பட்டால் காற்று அட்லாண்டிக் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் அவையும் குன்றுகளின் மறைவில் காற்றுத் தணியக் காத்திருந்தன. டப்ளின்காரி தொலைநோக்கியை விட்டு நகரவே இல்லை. ஒரு பருந்து புறப்பட்டுப் போய், கடல் விளிம்பு வரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஏதோ தன் வீட்டுப் பிள்ளை பத்திரமாகத் திரும்பியதுபோல் மூச்சுவிட்டாள்.

கப்பல் ஓடியிருந்தால் இந்தக் குன்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. சிறு பயணங்களில் பட்டியல் போட்டு இடங்களை அடுக்கிக்கொள்வதை நான் விட்டுவிட்டதற்கு இது போன்ற மாலைகள்தான் காரணம்.

வெள்ளி. பொலோனியா

இன்றும் கப்பல் இல்லை. டாக்ஸி பிடித்து மேற்கே பொலோனியா கடற்கரைக்குப் போனோம். அங்கே பாயெலோ கிளாடியா என்ற ரோமானிய ஊர் கடலோரத்தில் அப்படியே கிடக்கிறது. கடைவீதி, நீதிமன்றத் தூண்கள், அரைவட்ட அரங்கம், எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஊருக்குச் சோறு போட்டவை கரையோரத் தொட்டிகள். சதுரமாகச் சில, வட்டமாகச் சில, தரையில் குழித்துப் பூசிய மீன் உப்பிடும் தொட்டிகள்.

வசந்த காலத்தில் நீலத்துடுப்புச் சூரை முட்டையிட அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் இந்த நீரிணை வழியாகத்தான் கூட்டமாகப் போகும். கரையோரம் வலைச் சுவர் கட்டி, வழி திருப்பி, கடைசி அறையில் அடைத்துப் பிடிக்கும் முறைக்கு அல்மத்ராபா என்று பெயர். பர்பாத்தே, சஹாரா, கோனில், தரிஃபா ஊர்களில் இன்றும் நடக்கிறது. ரோமானியர்கள் பிடித்த மீனைத் துண்டு போட்டு உப்பில் அடுக்கினார்கள். குடலையும் சிறு மீனையும் உப்போடு வெயிலில் ஊறவைத்து எடுத்த சாற்றுக்கு 'காரம்' (garum) என்று பெயர். பேரரசு முழுக்கச் சமையலில் அதை ஊற்றிக்கொண்டார்கள்.

தொட்டிகளைப் பார்த்ததும் தூத்துக்குடிக்காரிக்கு வாய் ஓயவில்லை. அவள் பாட்டி வீட்டுப் பக்கம் கருவாடு போடுகிற சிமெண்ட் தொட்டிகள் இதே ஆழமாம். மீனைக் கீறிக் குடலெடுத்து, உப்பு ஓர் அடுக்கு, மீன் ஓர் அடுக்கு, மேலே பாரம் வைப்பார்கள். எத்தனை நாளில் எடுக்க வேண்டும், மழை வந்தால் என்ன செய்வார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டியின் மூலைகள் ஏன் உருட்டிப் பூசப்பட்டிருக்கின்றன என்று லியோன்காரி கேட்டாள். "மூலையில அழுக்கு தங்குச்சின்னா அடுத்த மீனெல்லாம் கெட்டுரும்லா" என்று பட்டென்று பதில் வந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஜாடித் துண்டுகளில் மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஜாடிகளோடு, ஸ்பெயின் பக்கத்து மீன்சாறு வந்தவையும் உண்டு. இந்தக் கரையின் சரக்கு நம் கரையில் இறங்கியிருக்கிறது. இவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றபோது அதில் எனக்கு வியப்பே தோன்றவில்லை.

மாலை தரிஃபாவின் லாஸ் லான்செஸ் கடற்கரையில் நடந்தோம். பட்டம் பிடித்து அலையில் சறுக்குகிற இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். இதே மணலில்தான் 1988 நவம்பர் 1 அன்று, மொராக்கோவிலிருந்து வந்த சிறு படகு கவிழ்ந்து உடல்கள் ஒதுங்கின. நீரிணையில் இறந்த புலம்பெயர்வோரின் நீண்ட கணக்கு அன்றிலிருந்து தொடங்குவதாக ஸ்பெயின்காரர்கள் நினைவுகூர்கிறார்கள். ஊர் இடுகாட்டில் பெயர் தெரியாதவர்களுக்கென்றே கல்லறைகள் இருக்கின்றன. இரண்டு நாட்களாகக் காற்று எங்களை நிறுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் பையில் வசிப்பு அட்டையும் மொராக்கோ இ-விசாவும் இருக்கின்றன. காற்று நின்றால் ஒரு மணி நேரத்தில் அக்கரை போய்விடுவோம். அந்தப் படகில் வந்த பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தால் அவர்களும் கப்பலில் தேநீர் குடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். இதை நினைக்காமல் இந்தக் கரையில் விடுமுறையைக் கழிக்க என்னால் முடியவில்லை, முடியவும் வேண்டாம்.

சனி. டாஞ்சியர்

விடியற்காலையிலேயே தூத்துக்குடிக்காரி கதவைத் தட்டினாள். "ஏட்டி, காத்து செத்துட்டு."

கடல் நேற்றைய கடலாகவே இல்லை. மத்தியதரைக் கடலுக்கு ஆறும் மழையும் கொடுப்பதைவிட வெயில் உறிஞ்சுவது அதிகம். அந்தக் குறையை நிரப்ப மேல்மட்டத்தில் அட்லாண்டிக் நீர் உள்ளே பாய்கிறது. அடியில் உப்பு கனத்த நீர் வெளியே போகிறது. அந்த இரண்டு ஓட்டங்களுக்கு மேலாகத்தான் எங்கள் கப்பல் குறுக்கே போனது. கப்பலிலேயே மொராக்கோ அதிகாரி முத்திரை குத்தினார். மேலே பருந்துகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன. டப்ளின்காரி எண்ணிக்கொண்டே வந்தாள், எத்தனை என்று கடைசிவரை சொல்லவில்லை.

துறைமுகத்திலிருந்து பழைய நகரின் மதிலுக்கு நடக்கிற தூரம்தான். வெளியே பெரிய சோக்கோ சதுக்கத்தில் மலைக் கிராமத்துப் பெண்கள் அகன்ற வைக்கோல் தொப்பியோடு உட்கார்ந்து வெண்பாலாடைக் கட்டியும் புதினாவும் விற்கிறார்கள். மொச்சை போன்ற காய்ந்த பயற்றை வேகவைத்து மசித்த பிஸ்ஸாரா என்ற கஞ்சியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சீரகப் பொடி தூவிக் கொடுத்தார்கள். இரண்டாம் கிண்ணம் கேட்டோம்.

பிறகு சந்து சந்தாக விசாரித்து இப்னு பதூதாவின் கல்லறைக்குப் போனோம். சிறிய, எளிய கட்டடம். உள்ளே இருப்பவர் அவர்தான் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வாசல் திண்டில் உட்கார்ந்து மூவருக்கும் முழுக் கதையையும் சொன்னேன். 1325-இல், 21 வயதில் மக்காவுக்கென்று கிளம்பியவர். துணையில்லாமல் தனியாகத்தான் புறப்பட்டார். எகிப்து, அரேபியா, ஆப்பிரிக்கக் கீழ்க்கரை, மத்திய ஆசியா என்று சுற்றி, டெல்லியில் முகமது பின் துக்ளக்கிடம் காஜியானார். மாலத்தீவிலும் காஜி. 1344 வாக்கில் இலங்கை போனார். அங்கே யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, சிவனொளிபாத மலை ஏற உதவினார். அங்கிருந்து வரும்போது நம் கரையோரத்தில் கப்பல் உடைந்தது. அப்போது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி, கியாசுதீன் தாம்கானி அரியணையில் இருந்தான். அவனும் இப்னு பதூதாவும் சகலைகள். இருவரும் மணந்தது மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுதீன் அஹ்சன் கானின் மகள்களை.

உறவினன் என்பதற்காக அவர் தன் பயண நூலில் எதையும் மறைக்கவில்லை. பிடிபட்ட இந்துக்களைக் கழுவேற்றி, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்டு, இது அருவருப்பானது என்று வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். அந்தப் பக்கங்களுக்காகவே அவர் மேல் எனக்குத் தனி மதிப்பு. மதுரையை அகன்ற தெருக்கள் கொண்ட பெருநகர் என்கிறார். இன்றைய மாசி வீதிகள் அல்ல அவை, நகரின் இப்போதைய வடிவம் பின்னால் நாயக்கர் காலத்தில் விரிந்தது. ஊரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. சுல்தானின் மகனும் தாயும், பிறகு அவனுமே இறந்துபோனார்கள். இப்னு பதூதாவுக்கும் காய்ச்சல் கண்டது, செத்துவிடுவோம் என்றே நினைத்தார். அங்கே ஏராளமாகக் கிடைத்த புளியை ஒரு ராத்தல் அளவுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போய், காய்ச்சல் தணிந்தது.

"நம்ம புளிக்கரைசலா?" என்று டப்ளின்காரி கண் விரித்தாள்.

லியோன்காரி வேறொன்று கேட்டாள். அவர் திரும்பி வந்தபோது வீட்டில் யார் இருந்தார்கள்? யாரும் இல்லை. அப்பா இறந்து 15 ஆண்டுகள் ஆகிவிட்ட செய்தி 1348-இல் டமாஸ்கஸில்தான் அவருக்குக் கிடைத்தது. அம்மா, அவர் ஊர் சேரச் சில மாதங்களே இருக்கும்போது பெருங்கொள்ளைநோயில் போய்விட்டார். 1349-இல் டாஞ்சியர் வந்து அம்மாவின் கல்லறையைத்தான் பார்த்தார். லியோன்காரியின் அப்பா கொரோனா காலத்தில் சேலத்தில் இறந்தார். விமானம் இல்லை, போக முடியவில்லை, தொலைபேசித் திரையில்தான் பார்த்தாள். அவள் அதைப் பற்றி எங்களிடம் பேசியதே கிடையாது. இன்று அந்தத் திண்டில் உட்கார்ந்து முழுதாகப் பேசினாள். யாரும் இடையில் எதுவும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிறு. திரும்பும் பேருந்தில்

காலையில் ஹாஃபா காபிக் கடை. 1921-இலிருந்து குன்றின் சரிவில் படிப்படியாக இருக்கிறது, புதினாத் தேநீர்தான் விசேஷம். எதிரே ஸ்பெயின் துலக்கமாகத் தெரிந்தது. பக்கத்து மேசையில் உள்ளூர் இளைஞர்கள் அந்தக் கரையையே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். மதியம் தரிஃபாவில் எங்கள் ஆவணங்களை ஒரு பார்வை பார்த்து அனுப்பிவிட்டார்கள்.

ஹாஃபாவிலேயே அடுத்த இடத்தை முடிவு செய்துவிட்டோம். இந்த மூவரில் ஒருத்திகூட மதுரையில் ஓர் இரவு தங்கியதில்லை. ரயில் மாறியதோடு சரி. ஏப்ரல் கடைசியில், சித்திரைத் திருவிழாவுக்கு வாருங்கள் என்றேன். டப்ளின்காரிக்குக் குழந்தையின் பள்ளி விடுமுறை இடிக்கிறது. ரோட்டர்டாமில் அந்த மாதம் வேலை நெருக்கும். லியோன்காரி மட்டும் உடனே சரி என்றாள், திரும்பும்போது சேலத்தில் அம்மாவோடு இரண்டு வாரம் இருக்கப் போகிறாளாம். மற்ற இருவரும் மேலதிகாரியிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மொட்டை மாடியைக் காலியாக வைக்கச் சொல்லி அம்மாவுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.