பிழை தொடங்கிய இடம்



சென்ற கோடையில், நம் சபையின் மூத்த தாயார் ஒருவரிடம் பனையோலைப் பெட்டி பின்னக் கற்றுக்கொண்டேன். அவர் வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றபோது, திண்ணையில் பாதி முடிந்த பெட்டி ஒன்று கிடந்தது. "எனக்கும் சொல்லிக் கொடுப்பீர்களா அம்மா?" என்று கேட்டேன். சிரித்தார். ஆனால் அடுத்த வாரமே எனக்கென்று குருத்தோலை காத்திருந்தது.

வெட்டிய ஓலையை உடனே பின்ன இயலாது. வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழிக்கவேண்டும். பின்னுவதற்கு முன் நீர் தெளித்துப் பதப்படுத்தவேண்டும். காய்ந்த ஓலை மடிக்கும்போது வெடித்துவிடும். பின்னல் அடிப்பாகத்தில் தொடங்குகிறது. ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என ஓலைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செலுத்தி, அடி சதுரமானபின் மூலைகளை மடித்துச் சுவரை எழுப்பவேண்டும்.

மூன்றாம் வாரம் என் பெட்டியின் சுவர் நான்கு விரற்கடை உயர்ந்திருந்தது. ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இழுத்து இறுக்கினேன். நனைத்து அழுத்தினேன். நேராகவில்லை. அந்தத் தாயார் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பாகத்தில் ஓர் ஓலை இரண்டு ஓலைகளைச் சேர்த்துத் தாண்டியிருந்தது.

"ஐயா, இது மேல வந்த பிழை இல்ல. அடியில வந்தது. அதுவரைக்கும் பிரிச்சிருங்க" என்றார்.

மூன்று வார உழைப்பு! "இப்படியே முடித்துவிட்டால் என்ன?" என்று கேட்டேன். "முடிக்கலாம். சாஞ்சுதான் நிக்கும்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் மனத்தில் இருந்தது பெட்டியன்று, என் தம்பி. ஆறு ஆண்டுகளுக்கு முன், எங்கள் தாயாரின் மருத்துவச் செலவைக் குறித்த பேச்சில், உறவினர் முன்னிலையில் அவனை ஒரு கடுஞ்சொல்லால் அவமானப்படுத்தினேன். அதன்பின் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னேன். அவன் மகளின் திருமணத்தில் ஜெபித்தேன். ஒப்புரவாகுதலைப் பற்றிப் பலமுறை பிரசங்கமும் செய்தேன். அந்தச் சொல்லைக் குறித்து மட்டும் வாய் திறக்கவில்லை. பிழையின்மேலேயே சுவர் எழுப்பிக்கொண்டிருந்தேன்.

பேதுருவை நினைத்துக்கொண்டேன். யோவான் சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில், அவர் கரிநெருப்பின் அருகே நின்று ஆண்டவரை மறுதலிக்கிறார். 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி வைத்து அவரை அழைக்கிறார். அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இவ்விரு இடங்களில் மட்டுமே வருகிறது. மூன்று மறுதலிப்புகளுக்கு எதிரே மூன்று கேள்விகள். நடந்ததை ஆண்டவர் மூடி மறைக்கவில்லை. பிழை நேர்ந்த இடத்திற்கே பேதுருவை அழைத்துச் சென்று, அங்கிருந்து மீண்டும் தொடங்குகிறார்.

மறுநாள் தம்பியின் வீட்டிற்குச் சென்றேன். அன்று நான் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துச் சொல்லி, "அது பாவம், என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே திரும்பி, "அண்ணனுக்கும் சோறு வை" என்றான். எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த உணவு எனக்குத் திருவிருந்துபோல் இருந்தது.

பெட்டியையும் பிரித்தேன். பிரித்த ஓலைகளில் பழைய மடிப்பின் தடம் இருந்தது. "தழும்பு தெரியும் ஐயா, ஆனா ஓலை வீணாகாது. நனைச்சு எடுத்தா மறுபடியும் வளையும்" என்றார் அந்தத் தாயார். அதே ஓலையில் பின்னிய பெட்டி இப்போது என் மேசைமேல் நேராக நிற்கிறது. தடங்களும் தெரிகின்றன.

அன்பானவர்களே, உங்கள் வாழ்வில் எது சாய்ந்து நிற்கிறது? மேலே இழுத்து இறுக்குவதை நிறுத்துங்கள். பிழை தொடங்கிய இடத்திற்குத் திரும்பிச் செல்ல ஆண்டவரிடம் தைரியம் கேளுங்கள். அவர் அங்கே உங்களுக்கு முன்பாகவே காத்திருக்கிறார். ஆமென்.