முதுவேனிலில் தளிர்க்கும் நாடு

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, சித்திரை, வைகாசித் திங்களை இளவேனில் என்றும் ஆனி, ஆடித் திங்களை முதுவேனில் என்றும் வகுத்திருக்கிறது. ஆனால் தஞ்சை வட்டாரத்தின் வயல்களைக் கொண்டு பார்த்தால், இளவேனிலில்தான் நிலம் மிகவும் வறண்டு கிடக்கிறது, முதுவேனிலில்தான் அது பசுமை கொள்கிறது. வடதுருவத்தை அடுத்த நாடுகளில் நீண்ட குளிர்காலம் முடிந்ததை ஆற்றின் பனிக்கட்டி உடைவதைக் கொண்டே மக்கள் அறிந்தார்கள்; பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் இடையே ஓடும் தோர்னியோ ஆற்றில் அந்த நாளை 1693 முதல் குறித்து வருகிறார்கள். காவிரிப் படுகைக்கும் அதுபோன்ற ஒரு நாள் உண்டு. அது ஆற்றில் தண்ணீர் வந்துசேரும் நாள்.

அந்த நாளுக்கு முந்தைய மாதங்கள் இந்நாட்டின் குளிர்காலம் எனத்தக்கவை. 1934இல் கட்டி முடிக்கப்பட்டு, 120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) நீரைத் தேக்கும் மேட்டூர் அணையை ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். மூடிய பின் ஆறு மெல்ல மெல்ல மணலாகிவிடுகிறது. திருவையாற்றிலும் கும்பகோணத்திலும் படித்துறைகளின் கடைசிப் படி மணலில் போய் முடிகிறது. சம்பா நெல் அறுவடைக்குப் பின் விதைத்த உளுந்தும் பயறும் எடுக்கப்பட்ட வயல்களில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, அவற்றில் ஆடுமாடுகள் மேய்கின்றன. அந்த மாதங்களில் நடக்கும் பெரும்பணி தூர்வாருதல். அதாவது, வாய்க்கால்களில் படிந்த வண்டலையும் மண்டிய ஆகாயத்தாமரையையும் அகற்றித் தண்ணீருக்கு வழி செய்தல்.

தண்ணீர் வந்ததும் நிகழும் தளிர்ப்பின் தனித்தன்மை, அதற்குக் காரணமான மழையைத் தஞ்சை உழவர் பார்ப்பதில்லை என்பதாகும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை காவிரி பிறக்கும் குடகு மலையை நனைக்கிறது. மலைக்குக் கிழக்கே நெடுந்தொலைவில் இருக்கும் படுகைக்கு அதில் சிறு பங்கே கிட்டுகிறது, படுகையின் பெருமழை அக்டோபருக்குப் பின் வடகிழக்கிலிருந்து வருவது. எனவே மேகமற்ற வானத்தின் கீழ், வெயில் சற்றும் தணியாத நாட்களில், ஆறு மட்டும் நுங்கும் நுரையுமாகப் பெருகிவருகிறது.

மேட்டூரில் திறந்த நீர் மூன்று, நான்கு நாட்களில் கல்லணையை அடைகிறது. கரிகாலன் கட்டியதென மரபு போற்றும் இவ்வணை ஆற்று மணலின் மீதே கல் அடுக்கி எழுப்பப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இதைக் கண்டு வியந்து, தம் அணைகளுக்கு இதிலிருந்து பாடம் கற்றார். இங்கே பூவும் விதைநெல்லும் தூவி மதகுகளைத் திறக்கும்போது நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெள்ளம் மிகுந்தால் மிகுதியைக் கொள்ளிடம் ஏந்திக்கொள்கிறது. மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயைத் தஞ்சை மக்கள் இன்றும் புதாறு என்றே சொல்கிறார்கள்.

கல்லணையிலிருந்து கிழக்கே திருவையாறு, பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஆற்றை ஒட்டிச் செல்லும் பயணி ஒருவர் பருவத்தின் பல நிலைகளை ஒரே நாளில் காணலாம். ஓரிடத்தில் புழுதி நனைந்து மண்வாசம் எழும். ஓரிடத்தில் நாற்றங்காலில், அதாவது விதையை நெருக்கமாக விதைத்து நாற்று வளர்க்கும் பாத்தியில், இளம்பச்சை தெரியும். ஆழ்துளைக் கிணற்று நீரால் முன்னரே தொடங்கியவர்களின் வயலில் நடவே முடிந்திருக்கும். இது ஏறத்தாழ 110 நாட்களில் விளையும் குறுவைப் பயிர். ஜூனில் தொடங்கினால் வடகிழக்கு மழை வலுக்கும் முன் அறுவடையாகிவிடும். தண்ணீர் பிந்தினால் முற்றிய கதிர் மழையில் சாயும். உழவர் ஜூன் 12ஐ அவ்வளவு கவலையோடு எதிர்நோக்குவது இதனால்தான்.

ஆடித் திங்கள் 18ஆம் நாள் கொண்டாடப்படும் ஆடிப்பெருக்கு இந்த வரவுக்கான நன்றி விழாவாகும். திருவையாற்றுப் புஷ்யமண்டபப் படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணியும் காப்பரிசியும் படைத்து, மஞ்சள் கயிற்றைப் புதிதாகக் கட்டிக்கொள்ள, சிறுவர்கள் மரத்தாலான சிறு சப்பரங்களைத் தெருவில் இழுத்துச் செல்கிறார்கள்.

ஆயினும் பனி உருகுவதைப் போல இது தானாக நிகழ்வதன்று. 2022இல் மேட்டூர் அணை மே 24ஆம் நாளே திறந்தது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்ததால், ஆடிப்பெருக்குக்குச் சில நாட்கள் முன்புதான் கல்லணை திறந்தது, ஆற்றுநீரை மட்டுமே நம்பியிருந்தோரின் குறுவை கைநழுவியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடவேண்டிய காவிரி நீரை ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது. அளவைத் தீர்ப்பு சொல்லலாம்; வேளைக்கு வந்தால்தான் அது விளைச்சலாகும்.

ஆகவே இந்நாட்டின் வசந்தத்தை அளக்கத் தக்க இடம் மேட்டூரோ கல்லணையோ அன்று, கடைமடையே. வாய்க்காலின் இறுதியில், எல்லாருக்கும் பாய்ந்த பின் மிஞ்சியதைப் பெறும் நிலங்களை அப்படி அழைப்பார்கள். பேராவூரணியும் வேதாரண்யமும் பூம்புகாரும் அத்தகைய பகுதிகள். மேலுள்ள வயல் நிறைந்து வழிய, கீழுள்ள வயல் வெடித்துக் கிடந்தால் பருவம் பாதியிலேயே நின்றுவிட்டதாகப் பொருள். கடைமடை உழவரின் நாற்றங்காலில் விதை முளைக்கும்வரை காவிரி வந்துவிட்டது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை; அங்கே அது முளைக்க, தூர்வாரிய வாய்க்காலும், முறைவைத்துத் தண்ணீரைப் பங்கிடும் நேர்மையும், தன் மடையை உரிய நேரத்தில் அடைக்கும் மேல்வயல்காரரின் மனமும் வேண்டும்.