டிஸ்பென்சர் ஐயாவின் கார்

எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் வண்டி உண்டு. 1958ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மொரிஸ் மைனர் அது; என்னிலும் ஒரு வயது மூத்தது. நானுஓயாவை அடுத்த தோட்டமொன்றில் டிஸ்பென்சராயிருந்த என் தகப்பனார், சீமைக்குத் திரும்பிய துரையொருவரிடமிருந்து 1964இல் அதனை வாங்கினார். நள்ளிரவில் லயத்திலிருந்து ஆள் ஓடிவந்தால், பிரசவ வேதனையிலிருக்கும் தாயை அதிலேற்றி, நுவரெலியா ஆஸ்பத்திரிவரை ஐந்தாறு மைல் ஏற்றத்தை அவரே ஓட்டிச் செல்வார். தோட்டத்து முதியவர்கள் இன்றும் அதனை "டிஸ்பென்சர் ஐயா கார்" என்றே சொல்வர்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "செய்தவன் போட்ட ஆணியைக் கழற்றினால், அதே ஆணியைத்தான் திரும்பப் போடவேண்டும்" என்பார். இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த அக்காலத்தில் உதிரிப்பாகம் கிடைப்பது அருமை. அவரோ கொழும்புக்குக் கடிதமெழுதி, மாதக்கணக்கிற் காத்திருந்து, உரிய பாகத்தையே வருவிப்பார். 1977இன் பின் இறக்குமதி தளர்ந்தபோது, மொரிஸ் வண்டிகள் பலவற்றில் ஜப்பானிய எஞ்சின் ஏறிற்று. எங்கள் வண்டியில் ஏறவில்லை. அவர் காலமான பின்னர் அக்கொள்கையை ஒரு மரணசாசனம்போல நான் காத்துவந்தேன்.

மாற்ற விரும்புவோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. நானுஓயாப் புகையிரத நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 5,300 அடி உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. ஆகையால் எஞ்சினின் வலுவும் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறையும். எங்கள் வண்டியின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கோ புதிதாயிருந்தபோதே 37 குதிரை வலுத்தான். ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து செல்பவன் வேறு எஞ்சினை விரும்புவதிற் குற்றமென்ன? மேலும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளுக்கு மதிப்பு ஏறிற்று. "அப்பா, நல்ல எஞ்சினொன்று போடுங்கள், ஐந்து கியர் வரும்" என்று கொழும்பிலிருக்கும் என் மகன் ஓயாது சொல்வான். நான் செவிசாய்க்கவில்லை.

2024 ஏப்பிரலில் ஒருநாள், மனைவியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு ரதல்ல குறுக்கு வீதி வழியே தலவாக்கலைக்கு இறங்கினேன். அவ்வீதியின் செங்குத்தான இறக்கத்தை மலைநாட்டார் அறிவர். 2023 ஜனவரி 20ஆந் திகதி பேருந்தும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு உயிர்களைப் பலிகொண்ட இடமும் அதுவே. அதனை அறிந்திருந்தும், இரண்டாம் கியரில் இறங்கவேண்டிய நான், அவசரத்தில் மூன்றாம் கியரிலே விட்டு, பிறேக்கை மிதித்தபடியே சென்றேன். நடுவழியில் மிதி தரைமட்டும் இறங்கிற்று. வண்டி நிற்கவில்லை!

கியரை இரண்டுக்குத் தள்ளி, கைப்பிறேக்கை இழுத்து, வண்டியை மண்மேட்டோரம் ஒதுக்கினேன். தேயிலைச் செடிகளை உரசிக்கொண்டு நின்றது. சக்கரங்களிலிருந்து தீய்ந்த நாற்றம் வீசிற்று. "தாத்தா, காருக்குக் காய்ச்சலா?" என்று பேத்தி கேட்டாள். எனக்கு மறுமொழி வரவில்லை.

பிறேக்கை ஓயாது மிதித்தால் ட்ரம் சூடேறி விரிகின்றது. கட்டைகளின் பிடிப்புத் தளர்கின்றது. நாட்பட்ட பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்குமாதலால், அச்சூட்டிற் கொதித்து ஆவியாகின்றது. ஆவி நசுங்கிக் கொடுப்பதால், மிதியின் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. இவ்வளவையும் விளக்கிய வயோதிப பாஸ், பின்னர் என்னைப் பார்த்து, "மாஸ்டர், ஒன்றையும் மாற்றக்கூடாதென்கிறீர்கள். செய்தவர்களே இதை எத்தனை தரம் மாற்றினார்கள் தெரியுமா?" என்று கேட்டார்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரில் இருந்தது 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின். 1952 முதல் 803 வந்தது. 1956இல் 948 வந்தது. இரு துண்டாயிருந்த முன் கண்ணாடியும் அப்போது ஒரே கண்ணாடியாயிற்று. பக்கத்தில் நீளும் சமிக்ஞைக் கை 1961இல் நீங்கி, மின்னும் விளக்கு வந்தது. 1962இல் எஞ்சின் 1098 ஆனபோது, 7 அங்குலமாயிருந்த முன் பிறேக் ட்ரம் 8 அங்குலமாக்கப்பட்டது. வலுவைக் கூட்டியவர்கள், நிறுத்தும் ஆற்றலையும் கூடவே கூட்டினார்கள். எஞ்சினை மட்டும் மாற்றிப் பழைய பிறேக்கோடு மலையிறங்குவோர் சிந்திக்கவேண்டியது இதுவே.

அந்தப் பெரிய பிறேக் எங்கள் வண்டியிலும் பொருந்தும் என்றார் பாஸ். அப்போதும் நான் தயங்கினேன். தகப்பனாரின் சொல் நெஞ்சில் நின்றது. அன்றிரவு என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்: "பென்சிலின் வந்த பிறகும் மாமா பழைய மருந்தையா கொடுத்துக்கொண்டிருந்தார்?"

அக்கேள்வி என் பிடிவாதத்தை உடைத்தது. தகப்பனார் அவ்வண்டியைப் பேணியது அதன் ஆணிகளுக்காகவன்று. அழைத்த இரவில் ஒரு தாயைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதற்காக. நோக்கத்தை மறந்து ஆணியைக் காத்தவன் நானே.

முன் பிறேக்குகள் இரண்டும் மாறின; பிறேக் எண்ணெய் முழுவதும் மாறிற்று; ஆசனப்பட்டிகள் பூட்டப்பட்டன. எஞ்சின், நிறம், பக்கத்தில் நீளும் அந்தச் சிறிய கை ஆகியவை யாவும் இருந்தவாறே இருக்கின்றன. வேகம் எங்களுக்கு வேண்டியதில்லை. கழற்றிய ட்ரம்களுக்குக் கிறீஸ் பூசி, தகப்பனாரின் பழைய மருந்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். விரும்பும் சந்ததி அவற்றைத் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.

சென்ற மாதம் மறுபடியும் அந்த இறக்கத்தில் இறங்கினோம். இம்முறை தொடக்கத்திலேயே இரண்டாம் கியர். நான் பூட்டிய புதிய பிறேக்கிலும் பெரிது அந்தப் பழைய பழக்கம். அதையும் தகப்பனாரே கற்றுத் தந்தார். பேத்தி பின்னாசனத்திலிருந்து எட்டிப் பார்த்து, "காருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா, தாத்தா?" என்றாள்.

"விட்டுவிட்டது, அம்மா" என்றேன்.