நீல விளக்கும் ஒரு பட்டாணி ஜெல்லும்

முகப்பருவுக்கு வைத்தியம் தெரியாத ஆள் ஒருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம். மெஸ்காரர் சந்தனம் என்பார். பக்கத்து சீட் கேஷியர், 'பஜ்ஜியை விடுப்பா' என்பார். டூத்பேஸ்ட் தடவச் சொல்லும் கோஷ்டியும் உண்டு. 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' கட்சிக்குத்தான் மெஜாரிட்டி. பருவினால் கல்யாணப் பேச்சையே தள்ளிப்போடுகிறவனிடம் போய் இதைச் சொல்வார்கள்!

என் அக்கா பையன் அப்படித் தள்ளிப்போடுகிறவன். வயது இருபத்தாறு, தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். குரூப் போட்டோ என்றால் கடைசி வரிசை. கஸ்டமர்களை நேரில் பார்க்கிற பிரிவுக்கு, சம்பள உயர்வோடு மாற்றுகிறேன் என்று மேனேஜர் கூப்பிட்டபோது, "இப்படியே இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தவன். ஒருநாள் வழவழ நோட்டீஸ் ஒன்றை நீட்டினான்.

"மாமா, லைட் ட்ரீட்மென்ட். எட்டு சிட்டிங், முப்பதாயிரம். மாசத் தவணையும் உண்டாம்."

நான் டாக்டர் இல்லை, வெறும் பி.காம். ஆனால் தவணை என்ற வார்த்தை காதில் விழுந்தால் உள்ளே தூங்கும் பி.காம். எழுந்து உட்கார்ந்துவிடும். படிக்க ஆரம்பித்தேன்.

வெளிச்ச வைத்தியம் புரூடா இல்லை. டென்மார்க் டாக்டர் நீல்ஸ் ஃபின்சென், தோல் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்து 1903-ல் நோபல் பரிசே வாங்கினார். பரு விஷயத்தில் நடப்பது இது: தோலின் நுண்துளை எண்ணெயால் அடைத்துக்கொள்கிறது. உள்ளே பெருகும் கிருமி 'போர்ஃபைரின்' என்றொரு பொருளைத் தயாரிக்கிறது. சுமார் 415 நானோமீட்டர் நீல ஒளி அதன்மேல் பட்டால் வீரியமான ஆக்சிஜன் கிளம்பி, கிருமியையே தீர்த்துக்கட்டும். தன் வீட்டில் தானே வெடிமருந்து சேர்த்து வைத்த கதை! சிவப்பு ஒளி இன்னும் ஆழம் போய் வீக்கத்தைத் தணிக்கும்.

எல்லாம் சரி. ஆனால் விளக்கை அணைத்த பிறகு அடைப்பு? அது அங்கேயேதான் இருக்கிறது. மிச்சமிருக்கும் கிருமிக்கு மறுபடி குடும்பம் நடத்த வசதி. 2016-ல் காக்ரேன் அமைப்பு இந்த ஒளி ஆராய்ச்சிகளை மொத்தமாக அலசிவிட்டு, பெரும்பாலும் ஆதாரம் பலவீனம் என்றது. 2024-ல் வந்த அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் அமைப்பின் வழிகாட்டியும், சிபாரிசு செய்கிற அளவுக்குச் சான்று போதாது என்கிறது. அதே வழிகாட்டி அழுத்தமாகச் சிபாரிசு செய்வது எதைத் தெரியுமா? முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற ட்யூப்களை!

ஒன்று, பென்ஸாயில் பெராக்ஸைடு. கிருமியைக் கொல்லும், அதற்குப் பழகிக்கொள்ளக் கிருமியால் முடிவதில்லை. 2.5 சதவீதமே கிட்டத்தட்ட 10 சதவீதத்தின் வேலையைச் செய்யும், எரிச்சலும் குறைவு. இன்னொன்று அடாபலீன். அடைப்பையே விடுவிக்கிற ஆசாமி.

ஜெல்லுக்கு ஒரு கெட்ட குணம்: அவசரமே கிடையாது. ராத்திரி பட்டாணி அளவு எடுத்து, பரு வருகிற இடம் முழுக்கத் தடவ வேண்டும். பரு மேல் மட்டும் புள்ளி வைப்பது கோலத்துக்குத்தான் சரி. முதல் சில வாரம் எரியும், தோல் உரியும், பரு கூடியதுபோலக்கூடத் தெரியும். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். நம்மவன் மூன்று ட்யூப் வாங்கி, ஒவ்வொன்றையும் பத்தாவது நாள் தூக்கிப் போட்டிருக்கிறான். "எல்லாம் போட்டுப் பாத்தாச்சு மாமா!"

முப்பதாயிரம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அங்கே ஏ.சி. ரூமில் 'வாங்க சார்' என்று கூப்பிட்டு, நாள் குறித்து, முகத்தைத் தொட்டுப் பார்க்க ஆள் உண்டு. ஜெல்லுக்கு பாத்ரூம் கண்ணாடிதான் துணை. இருபத்தாறு வயதுக்காரனுக்கு அந்தக் கண்ணாடி பெரிய விரோதி.

நிஜமான தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கட்டி கட்டியாக வந்து தழும்பு விழுகிற ரகம் என்றால் மாத்திரை வேண்டும், இவனுக்கு ஜெல் போதும் என்றார். 'மூணே நாள்ல மறைஞ்சிடும்' என்று மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கிற ஸ்டீராய்டு க்ரீம் பக்கம் மட்டும் போகாதே என்று மிரட்டினார். அது நிறுத்தியதும் வட்டியோடு திரும்புமாம். அதற்கு அந்த நீல விளக்கே தேவலை!

இப்போது பதினொன்றாவது வாரம். பழைய கறைகள் போகவில்லை; புதிதாக முளைப்பது அபூர்வம். அக்காவுக்குத்தான் வருத்தம். பென்ஸாயில் பெராக்ஸைடு துணியின் சாயத்தை எடுத்துவிடும். நீலத் தலையணை உறையெல்லாம் திட்டுத் திட்டாக வெளுக்க, சோப்புத்தூளை இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டு, போன வாரம் அரை டஜன் வெள்ளை உறை வாங்கிவிட்டாள்.