மேல் இலையா, கீழ் இலையா?

ட்ரஸ்ட்புரத்தில் காலை ஆறரை மணி. சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கு, ஹேண்டில்பாரில் தொங்கும் வாளிக்குள் களைக்கொத்து, கட்டர், பழைய துணி. அவர் வண்டியை நிறுத்துவதற்குள் முதல் மாடிப் பால்கனியிலிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். "அண்ணா, கருவேப்பிலை மஞ்சளாயிடுச்சு. உரம் கொண்டாந்தீங்களா?"

உரம் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "மேல் இலையாம்மா, கீழ் இலையா?" என்று கேட்டார்.

அன்று மதியம் வரை அவரோடு கோடம்பாக்கத்து மாடிகளில் ஏறி இறங்கினேன். இருபது வருஷத்துக்கு மேலாக இந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போய்ச் செடி பார்க்கிறவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த முதல் கேள்வி ஏன் என்பதைப் படியேறும்போதே சொல்லிவிட்டார். தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும். அதனால் அடியிலைதான் முதலில் பழுக்கும். இரும்புச்சத்தை அப்படி எடுத்துக் கொடுக்க அதற்கு முடியாது. அது குறைந்தால் தளிர் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். "தாய் சாப்பாட்டைப் புள்ளைக்குக் குடுக்கிற மாதிரி சார். சிலதைக் குடுக்கலாம், சிலதைக் குடுக்க முடியாது" என்றார்.

கருவேப்பிலையில் வெளுத்திருந்தது தளிர்தான். அவர் கண் செடியை விட்டுத் தொட்டி விளிம்புக்குப் போனது. சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு.

"என்ன தண்ணி ஊத்துறீங்க?"

"ஆர்.ஓ. மெஷின்ல வெளியே வர்ற தண்ணி. சாக்கடையில விட மனசு வரலை."

அந்த மனசைக் குறை சொல்ல என்னால் முடியாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்ற ஊர் இது. ஆனால் போர் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் உப்பை அந்த மெஷின் பிரித்துக் கூடுதல் செறிவாக வெளியே தள்ளுகிறது. நாள்தோறும் அதை ஊற்றினால் தொட்டி மண்ணில் காரத்தன்மை ஏறிக்கொண்டே போகும். மண்ணில் இரும்பு இருக்கும், வேரால் அதை எடுக்க முடியாது. அந்த நேரத்தில் உரம் போட்டால் உப்பின் மேல் உப்பு. அந்தத் தண்ணீரை வாசல் கழுவ வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு பால்கனிக் கம்பியோரம் சொட்டிக்கொண்டிருந்த ஏசி குழாயைக் காட்டினார். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டும் நீர், அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அதைச் சேர்த்து வைத்து, அடித்துளை வழியாக நன்றாக ஓடும்வரை மெதுவாக இரண்டு மூன்று தடவை ஊற்றி மண்ணைக் கழுவ வேண்டும். அதன் பிறகு நம் பாட்டிகள் ஊற்றிய புளித்த மோரை நீர்க்க ஊற்றலாம். இதில் அவருக்குக் கூலி கிடைக்கும் வேலை ஒன்றுமில்லை.

ரங்கராஜபுரத்தில் ஒரு மொட்டை மாடி. செம்பருத்தியின் நுனியெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி. அவர் குனிந்து தண்டின் அடியைப் பார்த்தார், எறும்பு வரிசை. பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தூக்கியும் போகிறது. எறும்பை விட்டுவிட்டுப் பூச்சியை மட்டும் அடித்தால் அடுத்த வாரமே திரும்பி வரும். மோசமான நுனிகளை வெட்டிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். மற்றதைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினார். மாவுப்பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் வெறும் மருந்து அதில் ஒட்டாது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம், வாரம் ஒரு தடவை.

"கடையில கடுமையான மருந்து இருக்காமே?" என்றார் வீட்டுக்காரர்.

வேண்டாம் என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்குப் பின்னால் தமிழ்நாடு பட்ட பாடு இருக்கிறது. 2008இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியை, மல்பெரியை, மரவள்ளியை, செம்பருத்தியை வெள்ளையாக்கியது. விவசாயிகள் மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசிரோபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு குளவிதான், அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அடக்கியது. கடும் மருந்து அப்படிப்பட்ட குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

ஆற்காடு சாலையோரத்து வீட்டில் துளசி இலையெல்லாம் மெட்ரோ வேலையின் புழுதி. வெயிலும் புழுதியும் சேர்ந்தால் சிலந்திப்பேன் பெருகும்; இலையைக் கழுவுவதே பாதி வைத்தியம். முற்றிய கதிர்களைக் கிள்ளிப்போட்டார். விதை முற்ற விட்டால் துளசி தளர்ந்துபோகும்.

அடுத்த வீட்டு ரோஜாதான் என்னைக் கலங்கவைத்தது. தள்ளுவண்டியில் பூவோடு வாங்கிய செடி, ஒரு மாதத்தில் கிளையெல்லாம் நுனியிலிருந்து கருகி இறங்கிவிட்டது. "தினம் ரெண்டு வேளை ஊத்துறேன்ணா" என்று அந்தப் பெண் அழாத குறை. அவர் செடியை வேரோடு சரித்து எடுத்தார். சுற்றிலும் தேங்காய் நார்க் கலவை சொதசொதவென்று ஈரம். நடுவில், செடி வந்தபோதிருந்த களிமண் உருண்டை கல்லாக இறுகியிருந்தது. கொத்தால் தட்டினார், உள்ளே தூசி. அத்தனை தண்ணீருக்கு நடுவில் தாகத்தால் செத்துக்கொண்டிருந்தது அந்தச் செடி. புதிதாகத் தழைத்திருந்த ஒரே போத்தும் ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்தது. அது காட்டு ரோஜா, வாங்கிய பூ அதில் பூக்காது.

"தூக்கிப் போட்டுடுங்கண்ணா" என்றார் அந்தப் பெண்.

கடைசி வீட்டில் மணி பிளான்ட். தொட்டிக்கடியில் தட்டு நிறையத் தண்ணீர் தேங்கி, வேர் அழுகத் தொடங்கியிருந்தது. தட்டை எடுத்துவிட்டு, விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள் என்றார். "அவ்வளவுதானா?" என்று கேட்ட வீட்டுக்காரர் காபி கொடுத்தார், காசு கொடுக்கவில்லை. மண் மாற்றினால் தொட்டிக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு, உரத்துக்கும் விலை உண்டு. பார்த்துச் சொன்னதற்கு எந்த வீட்டிலும் ஒரு விலையில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் மருந்து எழுதாமல் அனுப்பினாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்? இதை அவரிடம் சொன்னேன். "கேட்டா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க சார்" என்றார்.

பவர் ஹவுஸ் நிறுத்தத்தருகே சைக்கிளைச் சாய்த்துச் சாக்கைத் திறந்தார். உள்ளே அந்த ரோஜா. காட்டுப் போத்தை வெட்டி, உருண்டையைப் பாதி உதிர்த்து, ஈரத் துணியில் வேரைச் சுற்றியிருந்தார். ஒட்டுக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குத் தண்டு இன்னும் பச்சையாக இருந்தது. வீட்டில் பெயின்ட் டப்பாவில் வைத்து நிழலில் விடுவாராம்.

"துளிர்த்தா?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடுவேன். பாவம், தினம் ரெண்டு வேளை ஊத்தியிருக்கு."