டாசியாவில் புஸ்லுஜாவுக்கு

சோஃபியா, காலை

விமான நிலையத்தில் இருந்ததிலேயே மலிவான வண்டியைக் கேட்டேன். டாசியா சான்டெரோ கொடுத்தார்கள், கியர் வண்டி. பல்கேரியாவின் சோஷலிச கால நினைவுச்சின்னங்களைத் தேடிப் போகும் இந்தப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. 1968 முதல் சோஷலிச ருமேனியாவில் ரெனால்ட் உரிமத்தில் கார் செய்த நிறுவனம் டாசியா. பின்னாளில் இதன் டஸ்டரைத்தான் ரெனால்ட் பெயரில் ஒரகடத்தில் செய்து நம்மூரில் விற்றார்கள்.

வாடகை குறைவு, ஆனால் முன்பணமாக கிரெடிட் கார்டில் பெரிய தொகையை முடக்கிவிட்டார்கள். முழுக் காப்பீடு எடுத்தால் முடக்க மாட்டார்களாம். எடுத்தால் மலிவு எங்கே? பழைய கீறல்களையெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இங்கே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். வலப்பக்கம் ஓட்டுவது சீக்கிரம் பழகிவிட்டது. வலக்கையால் கியர் மாற்றுவதுதான் இன்னும் இடிக்கிறது.

கசன்லக், இரவு

ஷிப்கா கணவாயிலிருந்து பிரியும் மலைச்சாலையில் புஸ்லுஜா போய்வந்தேன். சாலை முழுக்கப் பள்ளம். சுமார் 1,430 மீட்டர் உயரத்தில், மொட்டை மலைமேல், பறக்கும் தட்டுபோல ஒரு கான்கிரீட் மண்டபம். பக்கத்தில் செந்நட்சத்திரம் பதித்த 70 மீட்டர் கோபுரம். 1891இல் திமிதர் பிளகோயேவ் தலைமையில் பல்கேரிய சோஷலிஸ்டுகள் ரகசியமாகக் கூடிய மலை இது. அந்த நினைவுக்காக கம்யூனிஸ்ட் கட்சி எழுப்பிய இந்த மண்டபத்தைக் கட்டடக் கலைஞர் கியோர்கி ஸ்தோயிலோவ் வடிவமைத்தார். மக்களிடம் நன்கொடை திரட்டினார்கள். எல்லோரும் மனமுவந்து கொடுத்தார்களா என்பது வேறு கதை. 1981இல் திறந்தார்கள், 1989இல் கட்சியின் ஆட்சி கவிழ்ந்தது. எட்டே ஆண்டு வாழ்வு. பிறகு செம்புக் கூரையைத் திருடர்கள் உரித்தார்கள், மழையும் பனியும் உள்ளே இறங்கி மொசைக் சித்திரங்களை உதிர்த்தன.

உள்ளே விடுவதில்லை, காவலாளி இருக்கிறார். வெளியிலிருந்து சுற்றி வந்தேன், காற்று ஆளைத் தள்ளியது. 2019இல் கெட்டி அறக்கட்டளை பாதுகாப்புத் திட்டம் தயாரிக்க நிதி தந்தது. சரியான காரியம். கட்சியை வெறுப்பவர்களுக்கும் அதன் ஆணவம் எவ்வளவு பெரியது என்று காட்ட இந்தக் கட்டடம் நிற்க வேண்டும்.

ஷூமென், மாலை

இங்கே மலைமேல் நிற்கும் நினைவுச்சின்னமும் 1981தான், இதுவும் கான்கிரீட்தான். ஆனால் இது கட்சிக்காக அல்ல, பல்கேரிய அரசின் 1300 ஆண்டு நிறைவுக்காக எழுந்தது. உள்ளே அரசர்கள், வீரர்கள், பிரம்மாண்டமான மொசைக். நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம், பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். ஊரிலிருந்து 1300 படி ஏற வேண்டியதை டாசியா மிச்சப்படுத்தியது. இது பேசுவது கட்சியை அல்ல, நாட்டை என்பதால் தப்பியது என்று எழுத நினைத்தேன். ஆனால் இதே 1300 ஆண்டுக்காக சோஃபியாவில் கட்டிய நினைவுச்சின்னம் சிதிலமடைந்து, 2017இல் இடிக்கப்பட்டுவிட்டது. பராமரிக்க ஆள் இருந்ததா என்பதுதான் கடைசியில் கணக்கு.

போகிறவர்களுக்கு: ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நெடுஞ்சாலைக் கட்டணம் வண்டி எண்ணில் கட்டியிருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். பனிக்காலத்தில் சின்ன வண்டியில் புஸ்லுஜா ஏறாதீர்கள்.