பட்டாம்பாக்கத்திலிருந்து பல்லுக்காக ஒரு பயணம்

மேல்பட்டாம்பாக்கம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் விழிப்பார்கள். "நெய்வேலி பக்கம்" என்றால்தான், "ஓ, நிலக்கரி எடுக்கிற இடமா!" என்பார்கள். நிலக்கரி டவுன்ஷிப்புக்குப் பண்ருட்டி போய் பஸ் மாற வேண்டும். எங்கள் ஊர் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில், கடலூர் போகிற ரோட்டில் இருக்கிறது. வடக்கே தென்பெண்ணை ஆறு, கண்ணுக்கு எட்டின வரை கரும்பு. நெல்லிக்குப்பத்து பாரி சர்க்கரை ஆலை 1840-களிலேயே ஆரம்பித்தது. அரவை நாட்களில் காற்று திரும்பினால் வீட்டுக்குள்ளேயே வெல்லப்பாகு வாசனைதான். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் கேட்கவே வேண்டாம். கடித்துத் தின்ன இத்தனை இருந்தும், பல்லைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. வலி வந்தால் கிராம்பு, வலி தாங்காவிட்டால் பிடுங்கல், அவ்வளவுதான்.

என் நாத்தனாருக்கு முப்பத்தெட்டு வயசு. நர்சரி பள்ளியில் டீச்சர். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியாச்சு. அந்த இடத்தை அப்படியே விட்டதில் பக்கத்துப் பற்கள் சாய ஆரம்பித்தன. முன்பற்கள் விலகி வெளியே தள்ளிக்கொண்டு வந்தன. நாலைந்து வருஷமாக முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். 2023-ல் ஒருநாள், "அண்ணி, பல்லுக்குக் கம்பி போட்டுக்கலாம்னு இருக்கேன். உள்பக்கமாவே போடறாங்களாமே, வெளியில தெரியாதாமே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

என் மாமியார் காதில் அது விழுந்துவிட்டது. "வயசுக்கு வந்த பொண்ணை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குடி கம்பி? அவளுக்குப் போடு!" என்று ஒரே சத்தம். மாமியாரை மட்டும் குறை சொல்லவில்லை. பல்லுக்குக் கம்பி என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முதலில் பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். எக்ஸ்ரே கிடையாது, ஒன்றும் கிடையாது. "முன்பணம் கட்டுங்க, இன்னிக்கே வெளிக்கம்பி மாட்டிடலாம்" என்றார்கள். எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. இன்னொரு பெரிய கிளினிக்கில் உள்பக்கக் கம்பிக்கு விலை கேட்டோம். வெளிக்கம்பியைப் போல மூன்று மடங்கு! நாத்தனார் முகம் வாடிப்போச்சு. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர், "சிதம்பரம் பல் காலேஜுக்குப் போய்ப் பாருங்க" என்றார்.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறினால் நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம் எல்லாம் தாண்டி நேரே சிதம்பரம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றைக் கடக்கும்போது உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். வேலை வெட்டி எல்லாம் மறந்துபோகும். ஸ்டேஷனுக்குக் கிழக்கே அண்ணாமலை நகர். ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-ல் அங்கே தொடங்கியது. 2021-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டு அரசுக் கல்லூரி ஆக்கியது. ஆட்டோக்காரரிடம் பழைய பேரைச் சொன்னாலே போதும். கட்டணம் தனியார் இடத்தைவிடக் குறைவு, காத்திருப்பது அதிகம். கையில் பின்னல் வேலையோ புத்தகமோ கொண்டுபோவது உத்தமம்.

எக்ஸ்ரே எடுத்து, ஈறு ஒவ்வொன்றையும் சின்னக் கம்பியால் அளந்து பார்த்தார்கள். பரிசோதித்த பெண் டாக்டருக்கு எங்கள் வீட்டுப் பெண்ணைவிட ஆறேழு வயசுதான் கூட இருக்கும். ஆனால் சொன்னது நறுக்கென்று இருந்தது. "கம்பி போட வயசு தடையே இல்லைம்மா. ஆனா உங்களுக்கு ஈறு நோய் இருக்கு. பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு குறைஞ்சிருக்கு. பல் வெளியே தள்ளினதுக்கு அதுவும் காரணம். இதைச் சரி பண்ணாம கம்பி மாட்டினா பல்லு ஆடி விழுந்துடும்."

எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. அந்த முதல் கிளினிக்கில் முன்பணம் கட்டியிருந்தால்?

பல் எப்படி நகர்கிறது என்று கேட்டேன். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த்திசு இருக்கிறதாம். கம்பி மெதுவாக அழுத்தும்போது, அழுத்துகிற பக்கத்தில் எலும்பு கரைந்து வழி விடுகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இந்த வேலை எந்த வயசிலும் நடக்கும். பிள்ளைகளுக்குத் தாடையும் கூடவே வளர்வதால் அதையும் ஓரளவு திருத்தலாம். பெரியவர்களுக்குத் தாடையிலேயே கோணல் இருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

உள்பக்கக் கம்பியைப் பற்றியும் பொறுமையாகச் சொன்னார். 1970-களில் ஜப்பானில் ஃபுஜிதா என்ற டாக்டரும் அமெரிக்காவில் கர்ட்ஸ் என்ற டாக்டரும் தனித்தனியே இதை முயன்றார்களாம். ஜப்பானில் காரணம் அழகில்லை! தற்காப்புக் கலை பழகுகிறவர்களுக்கு அடி படும்போது வெளிக்கம்பி உதட்டைக் கிழித்துவிடும் என்பதால்தான். பல்லின் முதுகுப்புறம் ஆளுக்கு ஆள் மேடும் பள்ளமுமாக இருப்பதால் ஒரே அச்சுக் கிளிப் சரியாக உட்காராது. பிற்பாடு ஜெர்மனியில் வீக்மன் என்ற டாக்டர், கம்ப்யூட்டரில் அளவெடுத்து ஒவ்வொரு பல்லுக்கும் தனியாக வார்க்கிற முறையைக் கொண்டுவந்தார். விலை ஏன் ஏறுகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இதில் சங்கடங்களும் உண்டு. முதல் சில வாரம் நாக்கில் உரசிப் புண்ணாகும். பேச்சில் 'ச', 'ஸ' எல்லாம் குழறும். கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாலும் சுத்தம் செய்வது கஷ்டம். நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்கிற டீச்சர், ஈறு வேறு பலவீனம். "எனக்கு வெளிக்கம்பியே போதும் டாக்டர். சிரிச்சா சிரிக்கட்டும்" என்று நாத்தனாரே சொல்லிவிட்டாள்.

கழற்றி மாட்டுகிற கண்ணாடி போன்ற உறையைப் பற்றியும் கேட்டோம். 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் வந்தது. ஒரு நாளைக்கு இருபது, இருபத்திரண்டு மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், சாப்பிடும்போது கழற்ற வேண்டும். மணிக்கொரு காபி குடிக்கிற நம் போன்றவர்களுக்கு அது சரிப்படுமா? டாக்டர் நேரில் பார்க்காமலே தபாலில் உறை அனுப்பின அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2023 டிசம்பரில் மூடப்பட்டு, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் தவித்தார்கள். எந்தக் கம்பியானாலும் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

மூன்று மாசம் ஈறு வைத்தியம் நடந்தது. அதற்கப்புறம்தான் கம்பி. ரத்தம் வருகிறதே என்று அவள் பல் தேய்ப்பதையே குறைத்திருந்தாளாம். ரத்தம் வந்தால்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்று அங்கே திருத்தினார்கள். கர்ப்பமான சமயத்தில் ஈறு வீங்குவது சகஜம், அப்போதும் டாக்டரிடம் காட்டலாம். சர்க்கரை வியாதி இருந்தாலும், எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கம்பி போட்ட நாலு நாளும் இரவில் வலிதான். குழைந்த சாதம், இட்லி, கஞ்சி. கரும்பு கடிக்கக் கூடாது, முறுக்கு, சீடை கூடாது. எங்கள் ஊரில் பொங்கலுக்குக் கரும்பு கடிக்காமல் இருப்பது தவம் மாதிரி! மாதாமாதம் சிதம்பரம் போகும்போது ஓட்டலில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் சாப்பிடுவோம். பல்லுக்கு வேலையே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாண்டு, "மிஸ், உங்க பல்லுக்கு வேலி போட்டிருக்கா?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முந்தானை இல்லாமல்.

இருபது மாசத்தில் கம்பியை எடுத்தார்கள். பிடுங்கின இடத்துக்குச் செயற்கைப் பல் வைத்தாச்சு. நகர்ந்த பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்குமாம். அதனால் இரவில் ரிடெய்னர் என்ற உறையைப் பல வருஷம் மாட்ட வேண்டும். அந்த டப்பாவை அவள் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். போன வாரம் மாமியார், "எனக்கும் இந்த ஈறு வைத்தியம் பண்ணுவாங்களா, கேட்டுச் சொல்லு" என்றார். வருகிற புதன்கிழமை பாசஞ்சருக்கு மூன்று டிக்கெட்.